குழாயரும் வெங்காயக் கொட்டிலும்

ரூபன், நீ பொய் சொன்னாய். யூரியூப் சனலில் கால் மேல் கால் போட்டுக்கொண்டு, எங்கள் புதுப் பாட்டுகளைக் கொழும்பில் ஒரு பெரிய ஸ்ரூடியோவில் பதிந்தோம் என்றாய். பழைய பாட்டுகள் கரகரவென்று இருந்ததற்குக் காரணம் ஊரில் ஒரு லவுட்ஸ்பீக்கர்காரர், அவருக்குக் காது சரியில்லை என்றாய். இரண்டும் பொய்.

வாசிப்பவர்களுக்கு விளங்கச் சொல்லிவிடுகிறேன். ரூபன், இரும்பில் பிடிக்கிற ‘கறள்’ என்று பெயர் வைத்த எங்கள் இசைக்குழுவின் பாடகன். கிற்றாரும் அவன்தான். நான் டிறம்ஸ் அடிக்கிறவன். அவன் காது சரியில்லை என்று சொன்ன மனிதரை ஊரில் குழாயர் என்போம். கோயில் திருவிழாக்களுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவருடைய தொழில். சொந்தப் பெயர் அவரது அடையாள அட்டையில் இருக்கலாம், வேறெங்கும் இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் காது என்று சொல்லத்தக்க ஒன்று அவரிடம் மட்டும்தான் இருக்கிறது. மற்றவர்களிடம் இருப்பது மூக்குக் கண்ணாடி மாட்டுகிற கொக்கி.

மைக் சோதிக்கிறவர்கள் ‘ஹலோ, ஹலோ’ என்பார்கள். குழாயருக்கு அது காணாது. மைக்குக்கு முன்னால் ஓர் அலாரம் மணிக்கூட்டை வைத்துவிட்டு, சைக்கிளில் ஏறி ஊர் எல்லைக்குப் போவார். அங்கே நின்று அந்த டிக் டிக் தெளிவாகக் கேட்டால்தான் திருவிழா தொடங்கலாம். முதன்முதலில் அவர் இதைச் செய்தது ஒரு விடியற்காலை. பனைக்குப் பனை கட்டின குழாய்களில் டிக், டிக், டிக். குண்டுகளுக்கு நடுவில் வாழ்ந்த எங்கள் சனம் அப்படியொரு சத்தத்தைக் கேட்டால் என்ன நினைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பாதி ஊர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. குழாயர் சைக்கிளை நிறுத்தி, இவ்வளவு பேருக்கும் கேட்டிருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்.

ஒரு கல்யாணத்தில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து மணவறைக்குள் ஏறி, ஐயரின் மைக்கை நான்கு விரல் தள்ளி வைத்தார். மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது. அந்தக் குடும்பத்தின் வீடியோவில் இன்றைக்கும் மணமக்களுக்கு நடுவில் தெரிவது குழாயரின் முதுகுதான்.

நாங்கள் தொடங்கிய காலத்தில் ரூபனுக்கு இரைச்சல்தான் வேண்டியிருந்தது. வெளிநாட்டில் படுக்கையறைக்குள் இருந்து மலிவான ரேப் றெக்கோடரில் பதிகிறார்கள், கரகரத்தால்தான் உண்மை, சுத்தமான சத்தம் வியாபாரம் என்றெல்லாம் எனக்கு வகுப்பு எடுத்தான். அதைக் குழாயரிடம் போய்ச் சொன்னதும் அவன்தான். நாற்பது வருடம் இரைச்சலோடு சண்டை பிடித்த மனிதர் அவர். சந்தையில் அழுகின தக்காளியாகப் பார்த்துக் கேட்கிறவனைப் பார்ப்பதுபோல ரூபனைப் பார்த்தார்.

“தம்பி, இரைச்சல் வேணுமோ?”

“ஓம் அண்ணை.”

“என்ன இரைச்சல்?”

ரூபனுக்கு விளங்கவில்லை. இரைச்சல் என்றால் இரைச்சல்தானே என்றான். குழாயர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். எர்த் பிழைத்த இரைச்சல் வேறு, ஸ்பீக்கர் கடதாசி கிழிந்த இரைச்சல் வேறு, மழையில் நனைந்த வயரின் இரைச்சல் வேறு. இது தெரியாமல் பாட்டுப் போட வந்துவிட்டீர்களா என்று எங்களை அரை மணித்தியாலம் ஏசினார். பிறகு ஒரு கிழமை வீட்டில் கிடந்த பழுதான ஸ்பீக்கர்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். ரூபனின் கிற்றாருக்கு என்று ஒன்றைத் தெரிவு செய்து, கிழிசல் காணாது என்று பிளேட்டால் ஒரு நூல் அளவு கூட்டிவிட்டார். குரலுக்குக் கிணற்றுக்குள் மைக்கை இறக்கினார். ரூபன் கிணற்றுக்கட்டில் குப்புறப் படுத்துப் பாடினான். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டில் ஒரு தவளையும் சேர்ந்து கத்தியது. திரும்பப் பதிவோம் என்றோம். வேண்டாம், தவளை சுருதியில்தான் நிற்கிறது, விலகிப் போனது ரூபன் என்றார்.

இரண்டு வருடத்தில் ரூபன் மாறினான். தலைமயிருக்கு நீலம் அடித்தான். இனிமேல் பொப்-பங்க்தானாம். வேகமாக, துள்ளலாக, ஒவ்வொரு சொல்லும் பளிங்கு மாதிரிக் கேட்க வேண்டுமாம். நான் சண்டை பிடித்தேன். எனக்குப் பழைய இரைச்சல் பிடிக்கும். குழாயர் சண்டை பிடிக்கவில்லை. சுத்தமான சத்தத்துக்கு முதலில் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வராத இடம் ஒன்று வேண்டும் என்றார். பிறகு சைக்கிளில் ஊர் ஊராகப் போனார். கல்யாண மண்டபம், அரிசி ஆலை, கூட்டுறவுக் களஞ்சியம். ஒவ்வொரு வாசலிலும் நின்று ஒரு தடவை கைதட்டுவார். காதைக் கொடுப்பார். தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளைத் திருப்புவார்.

சுன்னாகத்துக்குக் கிட்ட ஒரு தோட்டக்காரரின் வெங்காயக் கொட்டிலில்தான் அவர் தலை ஆடாமல் நின்றது. விலை ஏறும் வரைக்கும் என்று, சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடி பிடியாகக் கட்டிக் கூரை முழுக்கத் தொங்கவிட்டிருந்தார்கள். குழாயர் கைதட்டிக்கொண்டே கொட்டிலைச் சுற்றி வந்தார். தோட்டக்காரர் என்னை ஒரு பக்கமாக இழுத்தார்.

“உவன் ஏன் என்ரை வெங்காயத்துக்குக் கைதட்டுறான்?”

நான் வாய் திறக்க முதலே குழாயர் அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: “தட்டினது திரும்பி வரேல்லை அண்ணை. உங்கடை வெங்காயம் எல்லாத்தையும் குடிச்சிட்டுது.”

குடித்த வெங்காயம் பிறகு விலை போகுமா என்று தோட்டக்காரர் உண்மையாகவே கவலைப்பட்டார். அவரைச் சமாதானப்படுத்த ஒரு பின்னேரம் போய்விட்டது.

நான்கு மைக், ஒரு மடிக்கணினி, மூன்று நாள். காற்றாடி இரைகிறது என்று அதை நிறுத்தினார். கதவையும் சாத்தினார். டிறம்ஸுக்கு நன்றாகக் காய்ந்த பிடிகள், குரலுக்குத் தாள் கூடின பிடிகள் என்று ஏணி வைத்து இடம் மாற்றினார். பொப்-பங்க் என்றால் துள்ள வேண்டும் என்று ரூபன் துள்ளினான். நிலத்தில் விழுந்து கிடந்த வெங்காயம் எல்லாம் அவன் சப்பாத்துக்குக் கீழே நசிந்தது. அந்தச் சனலில் காதல் தோல்வி என்று சொன்னாயே ரூபன், குரல் தழுதழுக்கிற அந்த இடம், அது நீ மிதித்த வெங்காயம்.

மூன்றாம் நாள் சாக்குகளின் மேல் இருந்து எல்லாவற்றையும் போட்டுக் கேட்டோம். நான் அடித்தது முதல் தடவையாக எனக்குக் கேட்டது. சிம்பலின் விளிம்பில் குச்சி பட்டு விலகுவது கேட்டது. நான் எங்கெங்கே பிந்துகிறேன் என்பதும் கேட்டது. இவ்வளவு காலமும் இரைச்சலுக்குள் ஒளித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கோபம் வந்திருக்க வேண்டும். எனக்கு மயிர் கூச்செறிந்தது. வாழ்நாளில் ஒரு ஸ்ரூடியோவுக்குள் கால் வைக்காத மனிதர். கேட்டபோது உலகத்திலேயே திறமான அழுக்கைத் தந்தார். மாற்றிக் கேட்டபோது வெங்காயத்தைக் கட்டித் தூக்கி வைத்துக்கொண்டு பளிங்கைத் தந்தார். இரண்டுக்கும் ஒரே கவனம், ஒரே பிடிவாதம். காலில் விழவேண்டும் போல இருந்தது. அவர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் ரூபனின் யூரியூப் பேட்டி. கோயில் பரிபாலன சபையில் யாரோ அதைப் பார்த்துவிட்டார்கள். காது சரியில்லாதவருக்கு ஏன் திருவிழாவைக் கொடுக்கிறோம் என்று கதை எழும்பியது. குழாயர் முப்பது வருடமாகக் கட்டிய கோயிலில் இந்த வருடம் வேறு ஆட்கள் பெட்டி ஸ்பீக்கர் அடுக்கினார்கள்.

கொடியேற்றத்தன்று குழாயர் வெறும் மேலோடு, சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, கும்பிட வந்து நின்றார். ஸ்பீக்கரில் ஓர் உறுமல் இருந்திருக்கிறது. சனம் யாருக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. அவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு பின்பக்கம் போய், மண்ணில் குந்தி, தன் இடத்தைப் பிடித்தவர்களின் எர்த் வயரைக் கழற்றித் திரும்ப முறுக்கிக் கட்டினார். உறுமல் நின்றபோதுதான் இருந்தது என்றே எங்களுக்குத் தெரிந்தது. அவர் கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சாமி கும்பிடப் போனார்.

நான் பின்னாலேயே போய், உவங்களுக்கு ஏன் அண்ணை உதவினனீங்கள் என்று கேட்டேன்.

“இரையுதெல்லே,” என்றார்.

ரூபன் சொன்னதைக் கேட்டீர்களா என்றேன். கேட்டாராம்.

“பெடியன் நல்லாப் பாடினவன். மூண்டாம் பாட்டிலை ஒரு மூச்சுச் சத்தத்தை விட்டிட்டன். அதை எடுத்திருக்கலாம்.”

இதுதான் அவருடைய முறைப்பாடு முழுவதும். அவர் உன்னிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆகவே நான் கேட்கிறேன்.

நீ அந்தச் சனலில் கதைத்தபோது நானும் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். தலையையும் ஆட்டினேன். அதனால் முதலில் நான் சொல்லுகிறேன். ‘கறள்’ குழுவின் எல்லாப் பாட்டையும், கரகரத்ததையும் பளிங்கானதையும், பதிந்தவர் குழாயர். கொழும்புக்கு நாங்கள் போகவேயில்லை. இது என் பெயரோடு அச்சில் வருகிறது.

இனி நீ. அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னால், அதே சனலில், அந்தப் பரிபாலன சபை பார்க்க, யார் பதிந்தது என்று சொல். அந்த மனிதரின் படலையை முதன்முதலில் திறந்து என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போனவன் நீ. அந்த ஒன்றுக்காகத்தான் இன்னும் உன்னோடு கதைக்கிறேன். வந்து பதில் சொல், ரூபன்.