அவசரக் கடிதத்தை மோப்பம் பிடித்த பெட்டி

மாலையானாலும் ஜன்னல் திரையை மூடாத ஊர் எங்களுடையது. யார் வீட்டில் என்ன சாப்பாடு என்பதைத் தெருவில் போகிறவனே சொல்லிவிடுவான். அப்பேர்ப்பட்ட, நெதர்லாந்தின் வடக்கு மூலையிலுள்ள ஃப்ரீஸ்லாந்துக்காரர்கள்தான் ஒரு ரகசியப் பெட்டியைத் தரிசிக்க முண்டியடித்தோம். கிளினிக் பதிவு மேசையில் இருக்கும் நான் முதல் வரிசை.

பெட்டியைக் கொண்டுவந்தவர் ரெய்னவுட், ஆம்ஸ்டர்டாம் ஆசாமி. முதலில் பேயைக் காட்டினார்.

"குவாண்டம் கணினி வரப்போவுது. வந்துச்சுன்னா இப்ப இருக்கிற பூட்டெல்லாம் அப்பளமா நொறுங்கிடும்."

பிறகு தாயத்தை எடுத்தார். 'பின்னல் கணக்கு' என்ற புதுக் கணிதத்தில் செய்த பூட்டாம், குவாண்டத்தாலும் உடைக்க முடியாதாம். நம் நோயாளியைப் பற்றிய கடிதம் இந்தப் பெட்டி வழியாக ஆஸ்பத்திரிக்குப் போகும். பெட்டி அதைத் திறக்காமலே நம் பூட்டை ஆஸ்பத்திரிப் பூட்டாக மாற்றிவிடும்.

"நடுவுல உட்கார்ந்திருக்கிற இதுக்குக் கண்ணே கிடையாது. ஆனா கெட்டிக்காரப் பெட்டி. அவசரக் கடிதத்தை முதல்ல அனுப்பிடும்."

டாக்டர் வீப்ரன் உருகிப்போனார். கூட்டத்துக்குக் கேக்கும் காப்பியும் அவர் செலவு. எங்கள் ஊரில் இது பெட்டியை விடப் பெரிய அற்புதம்.

மருத்துவச்சி ஹில்கே மட்டும் பிடிகொடுக்கவில்லை. யெல்ட்யே என்ற பெண் தன் கரு கலைந்ததைக் கணவனிடம்கூடச் சொல்லாமல் இவளிடம் சொல்லியிருந்தாள். கூட்டம் பெட்டியை ஏற்றுக்கொண்டால், மறுநாள் ஆஸ்பத்திரிக்கு யெல்ட்யேயைப் பற்றி எழுதும் கடிதம் அதற்குள்தான் போகவேண்டும். எங்கள் ஊரில் நாற்காலி வாங்கவும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதால் எல்லோரும் அவளையே பார்த்தோம்.

"அவசரம்னு நாங்க ஏதாவது குறி போடணுமா?" என்றாள் ஹில்கே.

"வேண்டவே வேண்டாம். அதுவாத் தெரிஞ்சுக்கும்."

"எப்படி?"

"அது பின்னல் கணக்கும்மா. ஐந்நூறு திசையில போற கட்டம். சொன்னாப் புரியாது."

"ஹில்கே, உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல?" என்றார் வீப்ரன், வாய் நிறையக் கேக்கோடு.

"கேக்குல இல்ல. நான் அஞ்சு கடிதம் அனுப்புறேன், எல்லாம் ஒரே நீளம். ஆஸ்பத்திரிக்குப் பதிலா உங்க திரைக்கு வரட்டும், வீப்ரன், எது முதல்ல வருதுன்னு பாருங்க."

தட்டச்சு செய்தாள். நான்கு கடிதங்களில் மழையைப் பற்றிப் புலம்பல். ஐந்தாவதைக் கடைசியாக அனுப்பினாள்.

ஐந்தாவதுதான் முதலில் வந்தது, சிவப்பு மணி அடித்துக்கொண்டு. கூட்டம் கைதட்டியது. நானும்தான். ரெய்னவுட் குனிந்து வணங்கினார்.

"உரக்கப் படிங்க, வீப்ரன்," என்றாள் ஹில்கே.

டாக்டர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார். "கேக்கு மேல பூசின சர்க்கரை கடும் ரத்தப்போக்கு மாதிரி வழியுது. உயிருக்கு ஆபத்தில்லை, சட்டைக்குத்தான் ஆபத்து."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டாக்டர் சட்டையைத் துடைத்துக்கொண்டார்.

"கண்ணில்லாத பெட்டி 'ரத்தப்போக்கு'ங்கிற வார்த்தையை எப்படிப் படிச்சுது?" ஹில்கே கேட்டாள். "நடுவுல நம்ம பூட்டைத் திறந்து, படிச்சுட்டு, அப்புறமா ஆஸ்பத்திரிப் பூட்டைப் போடுது. நாளைக்கு ஒரு பொண்ணோட மானத்தை இதுக்குள்ள போடச் சொன்னீங்களே."

ரெய்னவுட், "அது... வாடிக்கையாளர் வசதிக்காக..." என்று இழுத்தார்.

"அப்போ பின்னல் கணக்கே பொய்யா?" என்றார் வீப்ரன், பாவம்.

"கணக்கு உண்மைதான்," என்றாள் ஹில்கே. "திறக்காம மாத்தவும் அதால முடியும், சீக்கிரமாவும் முடியும். யார் வேணும்னாலும் சோதிச்சுப் பார்க்கட்டும்னு அதைக் கண்டுபிடிச்சவங்க வெளியிட்டே வெச்சிருக்காங்க. இவரு அதோட பேரை மட்டும் பெட்டி மேல ஒட்டியிருக்காரு."

பெட்டி வந்த வழியே போயிற்று. யெல்ட்யேயின் கடிதத்தை ஹில்கே தானே லேவர்டன் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பெட்டிக்குக் கண்ணில்லை என்றபோது நம்பினோம், போகட்டும். அது கடிதத்தைப் படித்துக் காட்டியபோதும் கைதட்டினோமே. அந்தக் கையால் ஒருமுறை நம் தலையில் தட்டிப் பார்ப்போம், உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று.