இருநூறு பிள்ளையாரும் இருபது ஸ்டாரும்

பட்டாபிராமில் கல்யாணமான எந்த ஜோடியும் கத்திரி அங்கிளின் கத்திரிக்குத் தப்பியது கிடையாது. பதறாதீர்கள், ஜோடிக்கு ஒன்றும் ஆகாது. கல்யாணப் பத்திரிகைதான் துண்டாகும்.

உங்கள் வீட்டிலும் இருக்கும் பாருங்கள். பரணில் ஒரு ஜவுளிக்கடைப் பை, அதற்குள் பத்து வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள். மஞ்சள் தடவியிருக்கும், பிள்ளையார் படம் போட்டிருக்கும், குப்பையில் போடக் கை வராது. போட்டால் பாவம், வைத்தால் கரப்பான். எங்கள் மூன்றாவது தெருவை இந்தத் தர்மசங்கடத்திலிருந்து வருஷா வருஷம் காப்பாற்றியவர் அவர்தான். டிசம்பர் பிறந்தால் கோணிப்பையும் கையுமாக கேட்டில் நிற்பார்.

"இன்னா சார், பழைய பத்திரிகை எதுனா கீதா? ஸ்டார் கட்டணும்."

அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டுக்கும் சர்ச் ஃபாதருக்கும் மட்டும்தான் தெரியும். ஃபேக்டரியில் பட்டாளத்துச் சட்டைக்குத் துணி வெட்டுகிற கட்டிங் செக்‌ஷனில் இருந்து ரிட்டயர் ஆனவர். வேலை போனாலும் கை போகவில்லை. முழங்கை நீளத்துக்கு ஒரு கத்திரி வைத்திருந்தார். அதைத் தோளில் சாத்திக்கொண்டு அவர் தெருவில் நடந்தால், புதுசாகக் குடிவந்தவர்கள் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள். அடுத்த வாரமே அதே பிள்ளைகள் அவர் வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்திருக்கும். அங்கே கார் கிடையாது, ஷெட் மட்டும்தான்.

டிசம்பர் முழுக்கச் சாயங்காலமானால் அங்கேதான் கூத்து. ஒரு பத்திரிகையைக் கூம்பாகச் சுருட்டினால் ஸ்டாருக்கு ஒரு முனை. பத்து முனையை வட்ட அட்டையில் ஒட்டிச் சீரியல் பல்பு சுற்றினால் ஸ்டார் ரெடி. இன்னொரு மாதிரி மடித்தால் கடலை மிட்டாய் போட்டுக் கொடுக்கப் பரிசு டப்பா. மிச்சம் மீதியில் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஆடு, மாடு, ஒட்டகம். கடைப் பசையைக் கிட்டவே விடமாட்டார். மைதா காய்ச்சிய பசைதான்.

"டப்பாப் பசை நல்லாத்தான் ஒட்டும். பசங்க கைய நக்கினா இன்னா ஆவறது?" என்பார். பசங்க நக்கத்தான் செய்வார்கள். பாதிப் பசை வயிற்றுக்குள் போய்விடும் என்று கணக்குப் போட்டு இரண்டு மடங்கு காய்ச்சுவார்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. ஒவ்வொரு பத்திரிகையிலும் மாப்பிள்ளை பேர், பெண் பேர் இரண்டையும் சத்தம் போட்டுப் படிப்பார். "நல்லாருக்கட்டும்" என்பார். கீழே வைப்பார். அடுத்ததைப் படித்து அதன்மேல் வைப்பார். பத்துப் பதினைந்து சேர்ந்ததும் ஒரே அழுத்து, க்ரீச்!

"ஒண்ணொண்ணா வெட்றவன் டெய்லரு. அடுக்கி வெட்றவன்தான் கட்டரு" என்று எங்களைப் பார்த்து ஒரு கண்ணடிப்பு வேறு.

படித்ததை மறக்கவும் மாட்டார். ஒரு தடவை ஸ்டேஷனில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு பையனை நிறுத்தி, "நீ ஆவணில திருமழிசை மண்டபத்துல கட்டிக்கினவன்தான? ஊட்ல எதுனா விசேஷம் உண்டா?" என்று கேட்டார். அந்தப் பையன் அவரை ஜென்மத்தில் பார்த்ததில்லை. சொந்தக்காரர் என்று பயந்து காலில் விழுந்துவிட்டுப் போனான்.

இதில் பிள்ளையார் விவகாரம் தனி. கத்திரி சாமி மேல் படக்கூடாது என்று பிள்ளையாரை மட்டும் அழகாக வட்டமாக எடுத்து, ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துக் கொண்டுபோய்த் தெருமுனைப் பிள்ளையார் கோயில் குருக்களிடம் கொடுப்பார். குருக்கள் கையெடுத்துக் கும்பிடுவார். "சார், இங்க ஏற்கனவே ஒருத்தர் இருக்கார். அவருக்கே ரெண்டு வேளை நைவேத்யத்துக்கு நான் அல்லாடறேன்." இருந்தாலும் வாங்கி உள்ளே வைத்துக்கொள்வார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஐப்பசியில் எனக்கும் சுந்தருக்கும் நிச்சயம் ஆனது. தையில் கல்யாணம். சுந்தர் தங்கமான பிள்ளை. அவன் அப்பாதான் பூந்தமல்லியையே அதட்டுகிறவர். ஓய்வு பெற்ற முதுநிலைக் கண்காணிப்பாளர். பத்திரிகை ப்ரூஃப் நாலு தடவை திரும்பி வந்தது. முதல் தடவை பதவி இல்லை. இரண்டாவது தடவை பதவி இருந்தது, 'முதுநிலை' இல்லை. மூன்றாவது தடவை எல்லாம் இருந்தது, எழுத்து சின்னது. நாலாவது தடவை அவர் பதவியைவிட என் பேர் சின்னதானது. அப்போதுதான் ஓகே சொன்னார்.

போதாததற்கு சகுனம் பார்ப்பார். பெண் பார்க்க வந்த அன்று தெருவில் பூனை குறுக்கே போனதென்று பஸ் ஸ்டாண்டு வரை திரும்பிப் போய், மறுபடி முதலிலிருந்து நடந்து வந்தார். இந்தக் கல்யாணம் நடக்கிற வரைக்கும் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான். சுந்தரை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது, சொல்வதற்கென்ன.

பத்திரிகை கார்த்திகையில் அச்சாகி வந்துவிட்டது. ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து இருநூறு. மார்கழியில் யாருக்கும் பத்திரிகை வைக்கக் கூடாது, தை பிறக்கட்டும் என்று அம்மா அந்தப் பெட்டியை பீரோ மேல் ஏற்றி வைத்தாள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மாமனார் தன் பங்கை வாங்கிக்கொள்ள வருவதாகப் பேச்சு. மார்கழியில் வைக்கத்தான் கூடாது, விலாசம் எழுதலாமாம். "அன்னிக்கு லீவு, நானே வர்றேன்" என்றார். ரிட்டயர் ஆனவருக்கு எதற்கு லீவு என்று கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் தைரியம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் புடவை எடுக்கப் போயிருந்தோம். கத்திரி அங்கிள் வந்திருக்கிறார். பழைய பத்திரிகை பரணில் இருந்தது. எங்கள் அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "பீரோ மேல இருக்கு, எடுத்துக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்.

மனுஷன் படித்துவிட்டு வெட்டுகிறவராச்சே, தேதியைப் பார்த்திருப்பாரே என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த வருஷம்தான் அவருக்குக் கண்புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி மாட்டி, ஒரு மாசத்துக்குப் படிக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். "படிக்கத்தான் கூடாதுன்னாரு, வெட்டக் கூடாதுன்னு சொல்லல" என்பது அங்கிள் கட்சி.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்னால், ஆபீஸ் முடிந்து ரயில் இறங்கித் தெருவில் நுழைகிறேன். விளக்கு வைக்கிற நேரம். வாசலுக்கு வாசல் ஸ்டார் எரிகிறது. இந்த வருஷம் எல்லாமே சந்தனக் கலரில் மெரூன் பார்டர், பார்க்கவே அம்சமாக இருந்தது. கிட்டப் போய் நிமிர்ந்து பார்த்தேன். 'முதுநிலைக் கண்காணிப்பாளர்' என்று ஜொலித்தது. பத்து முனையிலும்.

அடுக்கி வெட்டியதால் எல்லாம் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டு, ஒரே மாதிரி சுருண்டிருந்தது. இடது பக்கம் இருந்த எங்கள் அப்பா பேர் கூம்புக்குள் போய்விட்டது. வலது பக்கத்து மாமனார் மட்டும் முழுசாக வெளியே நின்றார். இருபது வீட்டில், இருநூறு முனையில்.

வீட்டுக்கு ஓடினேன். பீரோ மேல் தூசிதான் இருந்தது. அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"கத்திரி பட்ட பத்திரிகை! அந்த மனுஷன் பூனைக்கே திரும்பிப் போனவராச்சே! அவர் பேரைச் சுருட்டித் தெருவெல்லாம் தொங்கவிட்டிருக்கோமே! ஏங்க, பேப்பர்ல அப்படி என்னதான் போட்டிருந்தான்?"

அப்பா பேப்பரை முகத்துக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

பிரஸ்ஸுக்கு ஃபோன் போட்டால், "காலண்டர் சீசன் மேடம், பத்து நாள் ஆகும்" என்றார்கள். ஸ்டாரைக் கழற்றச் சொல்லலாம் என்றால், கிறிஸ்துமஸுக்கு மாட்டிய ஸ்டாரை எந்த வாயால் கழற்றச் சொல்வது? பிள்ளைகள் கட்டியது வேறு.

அம்மா நேராக அங்கிள் ஷெட்டுக்குப் போனாள். விஷயத்தைக் கேட்டதும் மனுஷன் முகம் சுண்டிப்போனது. "எல்லாம் ஒரே அளவா கீதேன்னு சந்தோஷப்பட்டேம்மா. ஃபேக்டரில கூட எனக்கு அப்டி ஒரு லாட்டு கெடச்சதில்ல. அது பாப்பா கல்யாணமா?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "நா வந்து அவராண்ட பேசிக்கிறேன்."

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்! அவர் வந்துட்டுப் போற வரைக்கும் நீங்க எங்க வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது" என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டு வந்தாள். பிரஸ்ஸில் தாமதம் என்று சொல்லிச் சமாளிப்பதாகத் திட்டம்.

கிறிஸ்துமஸ் அன்று பகல் பத்து மணிக்கு மாமனார் பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவில் நுழைந்தார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வீட்டு ஸ்டாரில் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். அடுத்த வீட்டில் நின்றார். அதற்கடுத்த வீட்டில் நின்றார். ஒவ்வொரு வாசலிலும் அவர் நிற்க நிற்க, போச்சு, எல்லாம் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே வந்தார். உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார்.

"சம்பந்தி, தெரு பூரா என் பேரு தொங்குதே. யார் ஏற்பாடு?"

அப்பாவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ! "நம்ம ஏற்பாடுதான் சம்பந்தி. எல்லாம் உங்க மரியாதைக்குத்தான்."

மாமனார் முகத்தில் சிரிப்பு! அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் நான் பார்த்ததே இல்லை. "முப்பத்தாறு வருஷம் சர்வீஸ் போட்டேன். என் பேருக்கு ஒருத்தனும் ஒரு பல்பு போட்டதில்ல" என்றார். அம்மா கேசரி எடுக்க ஓடினாள். கல்யாணம் பிழைத்தது என்று நான் மூச்சு விட்டேன்.

அந்த மூச்சு முடிவதற்குள் கேட் திறந்தது. புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் பிஸ்கட் டப்பாவோடு கத்திரி அங்கிள்!

"மன்னிச்சிக்கோம்மா, சத்தியத்த மீறிட்டேன். சர்ச்சுல பூசைல உக்கார முடியல. பொய்ய வெச்சிக்கினு எப்டிக் கிறிஸ்மஸ் கொண்டாடறது?" என்று சொல்லிவிட்டு மாமனார் முன்னால் போய் நின்றார். "சார், இவங்க மேல ஒரு தப்பும் இல்ல. கண்ணு தெரியாம ஒங்க ஊட்டுப் பத்திரிகைய வெட்டினது நாந்தான். ஆனா பிள்ளையார் மேல கத்திரி படல. பாருங்க, அல்லாரும் பத்திரமா கீறாங்கோ."

டப்பாவைத் திறந்தார். இருநூறு பிள்ளையார்.

அம்மா கேசரித் தட்டோடு சுவரில் சாய்ந்தாள். மாமனார் டப்பாவைக் கிட்டே இழுத்தார். ஒரு பிள்ளையாரை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், வைத்தார். சும்மா இருக்க முடியாமல் நானே கேட்டேன்.

"அங்கிள், எல்லாப் பத்திரிகைக்கும் பேர் படிச்சு 'நல்லாருக்கட்டும்'னு சொல்லுவீங்களே. எங்களுக்கு மட்டும் அதுகூடச் சொல்லாம வெட்டிட்டீங்களா?"

"சொல்லாம வெட்டுவேனா பாப்பா? படிக்க முடியல. யாரு, இன்னான்னு தெரில. அதனால ஒவ்வொண்ணா தொட்டு, 'எந்தப் புள்ளைங்களோ, நல்லாருக்கட்டும்'னு சொன்னேன். பேரு எனக்குத் தெரியலன்னா இன்னா, மேல கீறவருக்குத் தெரியாதா?"

மாமனார் நிமிர்ந்தார். "ஒவ்வொண்ணுக்குமா?"

"ஆமா சார்."

"இருநூறு தடவையா?"

"தொண்ட கட்டிக்கிச்சு சார், ரெண்டு நாளு."

மாமனார் எழுந்தார். பிஸ்கட் டப்பாவை மூடித் தன் பையில் வைத்துக்கொண்டார். "மண்டபத்துக்கு வர்றவன் ஒரு தடவை அட்சதை போட்டுட்டுப் பந்திக்கு ஓடிடுவான். என் பிள்ளைக்கு இந்த மனுஷன் இருநூறு தடவை சொல்லியிருக்காரு. இதைவிட என்னய்யா சகுனம்? புதுப் பத்திரிகை மெதுவா அடிச்சு வரட்டும்" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "எங்க வீட்டு வாசலுக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்று கேட்டார்.

பூந்தமல்லி பஸ்ஸில், மடியில் ஸ்டாரை வைத்துக்கொண்டு, முனை நசுங்காமல் கையை அகட்டியபடியே போனார்.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகிறது. எனக்கும் சுந்தருக்கும் சண்டையே வராது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். வரும், நன்றாக வரும். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றதில்லை.

போன மாசம் எங்கள் பெண்ணுக்குக் காது குத்தப் பத்திரிகை அடித்தோம். முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு. இரண்டாவதை எடுத்துக்கொண்டு நான் நேரே கார் ஷெட்டுக்குப் போனேன். "வெட்டுங்க அங்கிள்" என்று நீட்டினேன். "அய்ய, புதுப் பத்திரிகைய ஏம்மா?" என்றவர், சோடாபுட்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு என் பெண் பேரை எழுத்து எழுத்தாகப் படித்தார். "நல்லாருக்கட்டும்" என்று கத்திரியை எடுத்தார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அங்கிள், இன்னொரு தடவை சொல்லுங்களேன்."