பேய்ப் படமும் பிடித்த கையும்

இந்த வீட்டில் பயந்தாங்கொள்ளி யார் என்பதை ஞாயிற்றுக்கிழமை மேட்னி ஷோவில் நிரூபித்தே தீருவது என்று முடிவெடுத்தேன். என் மனைவி விளக்குமாற்றால் கரப்பான்பூச்சியை அடித்துக்கொண்டிருந்தபோது, நாற்காலி மேல் நின்றபடி எடுத்த முடிவு அது.

கல்யாணத்துக்கு முன்பு நாங்கள் சேர்ந்து பார்த்த பேய்ப் படம், முப்பது வருஷம் கழித்து அதே தியேட்டருக்குத் திரும்பி வந்திருந்தது. அப்போது அவள் நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிது. பேய் மாடிப்படி இறங்கும் காட்சியில், இருட்டுக்குள் அவள் விரல்கள் வந்து என் மணிக்கட்டை இறுகப் பிடித்தன. பயந்துவிட்டாள், பாவம். இனி இவளைக் காப்பாற்றுவது நம் பொறுப்பு என்று இடைவேளையிலேயே கல்யாணப் பேச்சை எடுத்துவிட்டேன். இன்றைக்கும் தூக்கம் வராவிட்டால் அந்த விரல்களை நினைத்துக்கொள்வேன். வந்துவிடும்.

"அன்னைக்கு என் கையைப் புடிச்சியா, இல்லையா?" என்றேன் நாற்காலியிலிருந்து.

"புடிச்சேன்."

"அப்ப யாரு பயந்தாங்கொள்ளி?"

"மொதல்ல கீழ எறங்குங்க. பூச்சி செத்துப் போச்சு."

தியேட்டரில் நாற்காலிகளை மாற்றியிருந்தார்கள். இருட்டை மாற்றவில்லை. விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. தலைக்கு மேலே போன வெளிச்சத்தில் தூசு மெல்ல மிதந்தது. அவள் நரை தெரியவில்லை, என் வழுக்கையும் தெரியவில்லை. பக்கத்தில் பழைய அந்தப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள்.

பேய் படியிறங்கியது. நான் வீரமாகக் கண்ணை மூடிக்கொண்டேன். வந்தன, அதே விரல்கள்! அதே மணிக்கட்டு, அதே இறுக்கம்.

"பாத்தியா, இப்பவும் பயப்படறே!"

"ஷ்... பேசாதீங்க. எண்ணிக்கிட்டிருக்கேன்."

"எதை?"

கண்ணைத் திறந்தேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. தன் கைக்கடிகாரத்தில் பச்சையாக மின்னிய முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நாடியை. நூத்திப் பத்து. பரவால்ல, தேறிட்டீங்க."

"அப்ப... அன்னைக்கும்?"

"அன்னைக்கு நூத்தி நாப்பது. எங்க மயங்கி விழுந்துடுவீங்களோன்னு நான் பயந்தது நெஜம்தான்."

முப்பது வருஷத் தூக்கம் என் கண் முன்னாலேயே கலைந்து போனது.

"அப்புறம் எதுக்குடி என்னைக் கட்டிக்கச் சம்மதிச்சே?"

"அந்த நெலமையில இருக்கற ஆளுகிட்ட, மாட்டேன்னு எப்படிங்க சொல்றது?"