ஈரம் குடிக்கும் உருண்டை

எழுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மாதம். குடியாத்தத்தில் பதினோரு நாளாக மழை விடவில்லை. சாயம் போட்ட நூலும் காயவில்லை, கட்டியிருந்த வேட்டியும் காயவில்லை. அந்தச் சமயம் பார்த்து வந்து இறங்கினார் ஈரங்குடிச் சாமி. காற்றிலேறி வந்ததாக ஊர் பேசிக்கொண்டது. வேலூர் பஸ்ஸில்தான் வந்தார், நான்தான் டிக்கெட் கிழித்தேன் என்றான் கண்டக்டர். அவனை நாத்திகன் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

சாமியிடம் இருந்த அற்புதம் ஒரு கம்பளி உருண்டை. கொய்யாக்காய் அளவு. துணி உலர்த்தும் கொடியில் கட்டிவிட்டால் போதும், அது ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். இமயமலை ஆட்டின் மயிராம், மந்திரம் ஏற்றியதாம், விலை இரண்டே ரூபாயாம். சத்துவாச்சாரியில் ஒரு என்ஜினியர் வீட்டில் கட்டியதற்குத் துணியோடு சுவரும் காய்ந்துவிட்டதாம். சாமி நினைத்தால் காவேரிப்பாக்கம் ஏரியையே வற்ற வைத்துவிடுவாராம், விவசாயிகள் பாவம் என்று விட்டுவைத்திருக்கிறாராம். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்!

பழைய நெல் மண்டியில் தினமும் மாலை நான்கு மணிக்குக் காட்சி. பக்தர் ஒருவர் தம் லுங்கியை எல்லோர் முன்னாலும் வாளியில் முக்கி, சொட்டச் சொட்ட மேடைக் கொடியில் போடுவார். நீலக்கட்டம் போட்ட லுங்கிதான் வேண்டும். வாயு பகவானுக்கு நீலக்கட்டம்தான் இஷ்டமாம். "நம்ம ஊர் கட்டம்யா!" என்று நெசவாளிகளுக்கு ஒரே பெருமை. ஊரில் பாதித் தறியில் ஓடுவது அதே கட்டம், அதே நீலம், அதே நீளம். இதில் யோசிக்க ஏதாவது இருக்கிறதா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

பிறகு காவித் திரை விழும். வாயு பகவானுக்குக் கூச்சமாம். உள்ளே சாமி புலித்தோல் ஆசனத்தில் தனியாக இருப்பார், வெளியே கூட்டம் கண்ணை மூடிப் பாடும். கால் மணி கழித்துத் திரை விலகினால் லுங்கி மொறுமொறுவென்று காய்ந்து தொங்கும். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

வீட்டுக்கு மட்டும் இரண்டு நிபந்தனை. காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்கக் கூடாது. சந்தேகக் கை பட்டால் ஈரம் திரும்பி வந்துவிடும். இரண்டாவது, துணிப் பக்கம் நெருப்பைக் காட்டக் கூடாது. அக்கினிக்கும் வாயுவுக்கும் ஆகாதாம்.

ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ஈர லுங்கியைக் கட்டிக்கொண்டு, "சுத்தமா காஞ்சிடுச்சி" என்று சொல்லித் தொடையைச் சொறிந்தது. மறைப்பானேன், நானும் இரண்டு உருண்டை வாங்கிச் சொறிந்தவன்தான். தபால் ஆபீஸில் முத்திரை குத்துகிற எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். என்ன பிரயோஜனம்?

என் பக்கத்து வீட்டுக் கோதண்டபாணி ஏழு உருண்டை வாங்கினான். அவன் மனைவி சௌந்தரத்துக்கு அப்போதுதான் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம். பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட்டால் கர்புர்ரென்றது. "ஈரத் துணியில போடாதேம்மா, இன்னும் ஜாஸ்தியானா பெட்ல சேக்கணும்" என்று ஆஸ்பத்திரியில் கண்டித்து அனுப்பியிருந்தார்கள்.

அதுவரை சௌந்தரம் தானாகவே ஒரு வழி வைத்திருந்தாள். பிள்ளைத் துணியைக் காய்ந்த துண்டில் வைத்துச் சுருட்டி முறுக்குவாள். துண்டு பாதி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு கும்முட்டி அடுப்பில் கொஞ்சம் கரிக்கங்கு போட்டு, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, கூடை மேல் துணியை விரிப்பாள். அரை மணியில் காய்ந்துவிடும். கோதண்டபாணி கங்கில் தண்ணீரை ஊற்றிவிட்டு, கூடையைப் பரண் மேல் எறிந்துவிட்டான்.

"இன்னாய்யா பண்ற நீ? பிள்ளை இழுக்குறது காதுல உழலயா?" என்று அவள் கத்தியது என் வீடு வரை கேட்டது. ஓடினேன்.

"நெருப்பைக் காட்டினா ஏழு உருண்டைக்கும் சக்தி போய்டும் சௌந்தரம். சாமியே சொல்லிட்டாரு."

"இந்தா, இந்தத் துணியைத் தொட்டுப் பாரு."

"தொடக் கூடாது!" என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான் அந்தப் புத்திசாலி.

சௌந்தரம் அழுதாள். பிள்ளையைத் தன் ரவிக்கைக்குள் அணைத்துச் சூடு காட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் தறியைப் பார்த்தாள். தறியில் நீலக்கட்டம் முடிகிற தறுவாயில் இருந்தது. "சரிய்யா. நாளைக்கு நம்ம லுங்கியை உங்க சாமி காய வெக்கட்டும். வெச்சிட்டா நான் அடுப்புப் பக்கமே போவலை. இல்லாட்டி கூடை கீழ எறங்கணும். சரியா?"

"சரி!" என்றான் அவன், ஜெயித்துவிட்ட முகத்தோடு. பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு அவள் தறியில் உட்கார்ந்தாள். துணி முடிகிற ஓரத்தில், குறுக்கே ஓடும் ஊடையில் ஒரே ஒரு மஞ்சள் இழையை விட்டாள். கண்ணைக் கிட்டே கொண்டுபோனால்தான் தெரியும். "அண்ணா, இந்த இழையை நல்லா பாத்து வெச்சுக்கோங்க" என்று எனக்குக் காட்டினாள். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் லியாகத் அலி, கோதண்டபாணியின் தோஸ்த், அப்போது வந்தான். அவனுக்கும் காட்டினாள். புருஷனுக்கு மட்டும் காட்டவில்லை.

மறுநாள் மண்டியில் எள் விழ இடமில்லை. சௌந்தரம் லுங்கியை முக்கி, கொடியில் போட்டாள். திரை விழுந்தது. கூட்டம் கண்ணை மூடியது. திரை விலகியது. லுங்கி மொறுமொறு! கோதண்டபாணி ஆனந்தக் கண்ணீர் விட்டான்.

சௌந்தரம் மேடையேறி லுங்கியை எடுத்து ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனாள். இந்த முனை, அந்த முனை.

"சாமி, ஈரத்தைக் குடிச்சீங்க, சரி. நான் போட்ட மஞ்ச இழையையும் சேத்துக் குடிச்சிட்டீங்களா?"

"என்னம்மா உளறுகிறாய்?"

"நேத்து என் கையால ஊடையில ஒரு மஞ்ச இழை விட்டேன். போஸ்டாபீஸ் அண்ணன் பாத்தாரு, லியாகத் அண்ணன் பாத்தாரு. இதுல காணோம். இது என் லுங்கி இல்ல."

லுங்கி கை மாறிக் கை மாறிப் போனது. அத்தனை பேரும் நெசவாளிகள். கடவுள் விஷயத்தில் ஏமாறுவார்கள், இழை விஷயத்தில் ஏமாற மாட்டார்கள்.

சாமி லேசுப்பட்டவரா? "மகளே, உன் நெசவில் இருந்த குறையை வாயு பகவான் நீக்கிக் கொடுத்திருக்கிறார்!" என்றார்.

முன் வரிசையில் இருந்த பூங்காவனம் எழுந்தார். பதினாறு தறிக்கு முதலாளி. "அப்படியா சாமி! எங்க வீட்ல டேமேஜ் பீஸ் முந்நூறு கெடக்கு. வண்டியில கொண்டாரட்டுமா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் சாமியின் தாடி ஆடியது. அதற்குள் லியாகத் அலி மேடையில் குனிந்தான். "சாமி, உங்க புலித்தோலு தண்ணி விடுது பாருங்க!"

புலித்தோலைத் தூக்கினால் தகரப் பெட்டி. மேலாக, சொட்டச் சொட்ட, மஞ்சள் இழையோடு சௌந்தரத்தின் லுங்கி. அடியில் ரப்பர் ஷீட் சுற்றிப் பத்திரமாக ஆறு காய்ந்த நீலக்கட்டம். எல்லாம் நம்ம ஊர்ச் சரக்கு! லியாகத் கொடியில் கட்டியிருந்த உருண்டையை முகர்ந்துவிட்டு மூக்கைச் சுளித்தான். "இமயமலையாவது இன்னாவது! தோலைச் சுண்ணாம்புக் குழியில ஊறப்போட்டுச் சுரண்டறப்போ நாங்க கழிக்கிற மயிருய்யா இது. கொஞ்ச நாளா எவனோ மூட்டையா அள்ளிக்கினு போறானேன்னு பாத்தேன்."

சாமி மழையில் இறங்கி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓடினார். காற்றிலேறிப் போயிருக்கலாம், அவசரத்தில் மறந்துவிட்டார் போலும்.

அன்று பரணில் ஏறிக் கூடையை எடுத்தவன் கோதண்டபாணி. கங்கை விசிறியவனும் அவனே. பிள்ளை சூடான துணியில் சுருண்டு தூங்கியது. அஞ்சாம் நாள் அந்தக் கர்புர்ர் நின்றது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஆனால் கோதண்டபாணி கேட்டான்: "சாமி ஃபிராடுதான். ஆனா உருண்டையில கொஞ்சமாவது சக்தி இருந்திருக்குமோ?" சௌந்தரம் ஏழு உருண்டையையும் அவன் மடியிலேயே கொட்டினாள்.

விஷயம் அதோடு முடிந்ததா? மறுவாரம் சௌந்தரம் வாசலில் பத்துப் பெண்கள், ஆளுக்கொரு புதுக் கூடையோடு. முன்னால் நின்றவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"சௌந்தரக்கா, கூடையை எந்தத் திசை பாத்துக் கவுக்கணும்? எந்தக் கிழமை விசேஷம்? கவுக்கறப்போ இன்னா மந்திரம் சொல்லணும்?"

சௌந்தரம் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் சொன்னாள்:

"அடிப் பொண்ணுங்களா, கீழ நெருப்பு, மேல துணி. காயுது. நடுவுல உங்களுக்கு எதுக்கும்மா ஒரு ஆளு?"

பதில் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தெரியாதவர்கள் அடுத்த சாமி பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் யோசித்து வையுங்கள்.