ஒரு பக்கம் மின்னிய லாரி

ஒரு தொப்பிக்காக மனிதன் எவ்வளவு தூரம் போவான்? கோப்பெங்கிலிருந்து தாப்பா வரைக்கும் போவான். அதுவும் பெண்டாட்டி கிழித்த கோட்டிலேயே போவான். நான் போனேன்.

என் பெயர் ஆம்புரோஸ். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லாரி டிரைவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழில் லாரி டிரைவர் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தோட்டத்தில் நானூறு பேருக்கு ரப்பர் மரத்தில் பால் வெட்டத் தெரியும். லாரி ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என் காலுக்குக் கீழே மூன்று பெடல். ஒன்றை மிதித்தால் லாரி முன்னால் போகும். ஒன்றை மிதித்தால் பின்னால் போகும். ஒன்றை மிதித்தால் நிற்கும். வீட்டில் இருக்கும் குழந்தையம்மாளுக்கு மட்டும் அப்படி ஒரு பெடலும் இல்லை. அவளாக நினைத்தால் போவாள், அவளாக நினைத்தால் நிற்பாள்.

அந்த மாதம் முதல் தேதி தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு தொப்பி. வெள்ளைத் துணி, கறுப்புத் தோல் முனை, நெற்றியில் பித்தளை வில்லை. ஈப்போவில் பெரிய பெரிய கார் ஓட்டுகிறவர்கள் போடுகிற தொப்பி.

“டிரைவர்! லாரி கண்ணாடி மாதிரி இருக்கணும். கடைசி ஞாயித்துக்கிழமை காலையில நான் பாக்கும். பாகுஸ் இருந்தா இது உனக்கு.”

பாகுஸ் என்றால் மலாய் மொழியில் ‘அருமை’. எனக்கு அப்போதே தலை பெருத்துவிட்டது. தொப்பி மட்டும்தான் பாக்கி. அங்கேயே மனத்துக்குள் சபதம் செய்தேன்: அந்த ஞாயிறு தொப்பியை வாங்குவேன், மத்தியானம் கோப்பெங் கடைத்தெருவில் மூன்று சுற்றுச் சுற்றுவேன், காப்பிக் கடை வாசலில் லாரியை நிறுத்திவிட்டு இறங்காமலே காப்பி குடிப்பேன்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் குழந்தையம்மாள் அதைவிடத் துள்ளிக்கொண்டு நின்றாள்.

“என்னங்க, பெட்ரீசியா ஆள் சொல்லி அனுப்பியிருக்கா! பிள்ளைக்கு ஞானஸ்நானமாம். நான்தான் ஞானத்தாய்!”

பெட்ரீசியா அவள் தங்கை. தாப்பாவில் இருக்கிறாள்.

“நல்லதாப் போச்சு. எப்ப?”

“கடைசி ஞாயிறு. பத்து மணிக்கு.”

என் தொப்பி ஆடியது.

“வேற நாள் வச்சுக்கச் சொல்லேன்.”

“தாப்பாவுக்குச் சாமியார் மாசத்துக்கு ஒரு தடவைதான் வாராரு லா. எனக்காகத் தெனமும் வருவாரா? நீங்க துரைகிட்ட லாரியைக் கேளுங்க. நம்ம லயத்து வரிசை வீடுங்கள்ல வேதக்காரப் பொம்பளைங்க ஏழு பேரு பூசை கண்டு மாசக் கணக்காச்சு. எல்லாரும் வாராங்க.”

ஏழு பெண்கள். அவர்கள் இடுப்பில் பிள்ளைகள். பிள்ளைகள் கையில் பலகாரம். வழி நெடுகச் செம்மண் புழுதி. என் கண்ணாடி லாரி! அன்று மாலை வெளியே போய் அரை மணி நேரம் ரப்பர் மரங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

“கேட்டேன் பிள்ளை. முடியவே முடியாதுன்னுட்டாரு.”

“துரையா சொன்னாரு?”

“பின்னே, மரமா சொல்லும்?”

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம் “சரி” என்றாள். அந்த ‘சரி’யை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் தொப்பி ஆசை கண்ணை மறைத்தது.

மறுநாள் முதல் கையால் தேய்த்தேன். நாலு நாள் தேய்த்ததில் தேய்ந்தது நான்தான். கரும்பச்சை வர்ணம் எருமைத் தோல் போல அப்படியே இருந்தது. ஐந்தாம் நாள் படுத்திருக்கும்போது மண்டையில் பொறி தட்டியது. மனிதன் தேய்த்தால்தானே வலி? மெஷின் தேய்த்தால்?

மெஷின் எங்கள் வீட்டிலேயே இருந்தது. ஈப்போ கன்னியர் மடத்தில் தையல் படித்த குழந்தையம்மாளுக்கு அவள் அப்பா சீதனமாகக் கொடுத்த கால் மெஷின். ஈப்போ பழைய சாமான் கடையில் ஒரு சீன முதலாளியிடம், தவ்கேயிடம், பழைய காரின் வேகமானிக் கம்பி கிடைத்தது. பாம்பு போல வளையும், உள்ளே சுழலும். அதன் ஒரு முனையைத் தையல் மெஷின் சக்கரத்தில் மாட்டினேன். மறு முனையில் வட்டமான பலகை ஒன்றைத் திருகி, அதற்குக் கம்பளித் துண்டைப் போர்த்தினேன். மாவாய் அரைத்த நுரைக்கல் தூளால் முதலில் ஒரு தேய்ப்பு. தேன்மெழுகும் டர்பன்டைனும் குழைத்து அடுத்த தேய்ப்பு. அமெரிக்காக்காரனுக்கே இது தோன்றியிருக்காது!

மெஷினை லாரிக் கொட்டகைக்குத் தூக்கிப் போக அடுத்த வீட்டு மாயாண்டி கை கொடுத்தான்.

“அண்ணே, அக்காகிட்ட கேட்டீங்களா?”

“என் வீட்டு மெஷினுக்கு நான் யாரைக் கேக்கணும்?”

“ஓட்டத் தெரியுமா அண்ணே?”

“மூணு பெடல் மிதிக்கிறவன்டா நான்! இது ஒத்தப் பெடல். நீ அந்தப் பலகையைப் பிடி.”

உட்கார்ந்தேன். மிதித்தேன். சக்கரம் முன்னால் போவதற்குப் பதில் பின்னால் சுற்றியது. பின்னால் சுற்றினால் திருகிய பலகை என்ன செய்யும்? கழலும். கழன்றது. கொட்டகையைத் தாண்டிப் பறந்து மாயாண்டியின் சேவல் முதுகில் இறங்கியது. சேவல் இட்ட கூச்சலில் லயமே எழுந்து வந்தது. பத்துத் தடவை மிதித்தேன். பத்துத் தடவையும் பலகை பறந்தது. பதினோராவது தடவை மாயாண்டி சேவலைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டான்.

“எந்திரிங்க” என்று ஒரு குரல். குழந்தையம்மாள்.

திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்தேன். அவள் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, சக்கரத்தைக் கையால் ஒரு தட்டுத் தட்டி, காலை வைத்தாள். அவ்வளவுதான். கம்பி சீறியது! பலகை வண்டாகச் சுற்றியது! நான் அதைப் பிடித்து லாரி மூஞ்சியில் வைத்தேன். நாலு விரல் அகலத்தில் ஒரு பச்சை எழுந்து வந்தது பாருங்கள், மழை பெய்து ஓய்ந்த வாழையிலைகூடப் பக்கத்தில் நிற்க முடியாது. அதில் என் முகம் தெரிந்தது. தொப்பி இல்லாமல் தெரிந்தது. அது ஒன்றுதான் குறை.

“மிதி பிள்ளை! மிதி! விடாதே!”

“தாப்பா விஷயமா துரைகிட்ட இன்னொரு தடவ கேட்டுப் பாருங்களேன்.”

“அவரு கல்லு பிள்ளை. கல்லு! நீ மிதி.”

அவள் மிதித்தாள். தினமும் சாயங்காலம் வந்து மிதித்தாள். பன்னிரண்டு நாளில் மூஞ்சி முடிந்தது, வலப்பக்கம் முழுக்க முடிந்தது. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்து அதில் மீசை பார்த்துப் போனார்கள். இடப்பக்கமும் பின்பக்கமும் பாக்கி. நான் ஆனந்தத்தில் மிதந்தேன். தாப்பாவும் இல்லை, சண்டையும் இல்லை, வேலையும் நடக்கிறது. குடும்பம் நடத்துவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

வியாழக்கிழமை மெஷினில் வார் இல்லை. பெடலையும் சக்கரத்தையும் சேர்க்கிற தோல் வார். அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் மேசை.

“வார் எங்க பிள்ளை?”

“தெரியலையே.”

“நேத்து இருந்துச்சே!”

“நேத்து தாப்பாவுக்குப் போற ஆசைகூட இருந்துச்சு. துரை முடியாதுன்னதும் அது போயிடுச்சு. அதுகூட இதுவும் போயிருக்கும்.”

“விளையாடாத. ஞாயித்துக்கிழமை துரை பாக்க வாராரு!”

“நீங்க அவருகிட்ட ஒரு தடவ கேளுங்க. வார் தன்னால வந்துரும்.”

இன்னொரு தடவை என்று அவள் சொல்லவில்லை. ஒரு தடவை என்றாள். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அரிசிப் பானையில் தேடினேன். அவள் பெட்டியில் தேடினேன். மாதா படத்துக்குப் பின்னால்கூடக் கையை விட்டேன். ஒட்டடை கிடைத்தது. போய்த் துரையைக் கேட்டுவிடலாமா? கேட்டால் சரி என்பார். சரி என்றால் கோப்பெங் கடைத்தெரு என்ன ஆவது? இறங்காமல் குடிக்க வேண்டிய காப்பி என்ன ஆவது? வெள்ளியும் சனியும் தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு நானே இடப்பக்கத்தைத் தேய்த்தேன். எருமைத் தோலாக இருந்தது சொறி எருமைத் தோலாக மாறியது.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்கு இரண்டாவது பொறி தட்டியது. துரை எங்கே நிற்பார்? பங்களா வராந்தாவில். லாரியை எப்படி ஓட்டிப் போனால் பங்களா என் வலது கைப் பக்கம் இருக்கும்? நான் எப்போதும் போகிற மாதிரி போனாலே இருக்கும்! வலப்பக்கத்தைக் காட்டிவிட்டுத் தொப்பியை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான். பெண் புத்திக்கு முன்னால் ஆண் புத்தி எங்கே போய்விடும்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. பங்களா முன்னால் லாரியை நிறுத்தினேன். வெயில் அடித்தது. வலப்பக்கம் ஜொலித்தது. வராந்தாவில் துரை தேநீர்க் கோப்பையோடு எழுந்தே நின்றுவிட்டார்.

“அடேடே! பாகுஸ்! ரொம்ப பாகுஸ்!”

நான் இறங்கி சலாம் வைத்தேன். தொப்பி அவர் பக்கத்து மேசையில் இருந்தது. கை நீட்டினால் எட்டிவிடும்! அவர் தொப்பியை எடுக்கவில்லை. படியிறங்கினார். லாரியின் வலப்பக்கத்தைத் தடவினார். மூஞ்சியைத் தடவினார்.

“அந்தப் பக்கம் பாக்கலாம்” என்றார்.

மாதாவே! பின்னாலேயே ஓடினேன். மூஞ்சியைச் சுற்றி இடப்பக்கம் திரும்பினோம்.

அங்கே லாரி தெரியவில்லை. சேலைதான் தெரிந்தது. லயத்துப் பெண்கள் ஏழு பேரும் குழந்தையம்மாளும் இடப்பக்கம் முழுக்க முதுகை ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சேலை, முக்காடு, இடுப்பில் பிள்ளை, கையில் தூக்குச்சட்டி. நான் பங்களாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தபோது ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து வந்து நின்றிருக்கிறார்கள்.

“குட் மார்னிங், சார்” என்றாள் குழந்தையம்மாள். மடத்து இங்கிலீஷ்.

துரை முகம் மலர்ந்தது. “என்ன இது? எல்லாம் எங்க போகுது?”

“அவருதான் உங்ககிட்ட ஏதோ கேக்கணும்னாரு” என்று என்னைக் காட்டினாள். அவள் பெண்களைப் பார்த்துத் திரும்பினாள். “துரைக்கு லாரியை மறைச்சுக்கிட்டு நிக்கிறோமே. மரியாதையா இல்லை. தள்ளிப் போலாமா?”

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். அவள் நின்ற இடத்தில் சொறி எருமை எட்டிப் பார்த்தது. அடுத்தவள் தூக்குச்சட்டியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு காலைத் தூக்கினாள்.

“துரை!” என்று நான் அலறினேன். “லாரி வேணும் துரை! தாப்பாவுக்கு! ஞானஸ்நானம்! இவங்களை எல்லாம் கூட்டிட்டுப் போகணும்! இப்பவே போகணும் துரை! இந்த நிமிஷமே!”

குழந்தையம்மாள் எடுத்து வைத்த அடியைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

துரை சிரித்தார். “இதுக்கு ஏன் இவ்வளவு சத்தம்? முந்தியே கேட்டா முந்தியே குடுக்கும். போ, போ.” சொல்லிவிட்டு ஆறுகிற தேநீரை நினைத்து வராந்தாவுக்கு ஏறினார்.

குழந்தையம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “கல்லு நல்லாத்தான் பேசுது” என்றாள். நான் குனிந்து டயரைப் பார்த்தேன். காற்று நன்றாகத்தான் இருந்தது.

எல்லோரும் ஏறினார்கள். இப்போது திரும்ப வேண்டும். திரும்பினால் இடப்பக்கம் வராந்தாவுக்குத் தெரியும். வேறு வழி? நடுப் பெடலை மிதித்தேன். லாரி பின்னாலேயே போனது. பெண்கள் கூச்சலிட, பிள்ளைகள் கைதட்ட, வந்த வழியிலேயே முதுகால் ஊர்ந்தேன்.

“நிறுத்து!” என்று துரை கத்தினார்.

போச்சு என்று நினைத்தேன். அவர் வலப்பக்கமாக ஓடி வந்தார். கையில் தொப்பி! கண்ணில் ஈரம்!

“டிரைவர்! ராஜா முன்னாடிதான் முதுகு காட்டாம போவாங்க. நீ எனக்கு முதுகு காட்டாம போறே. இருபது வருஷம் இந்த நாட்டுல இருக்கு, இந்த மரியாதை பாக்கலே!” என்று தொப்பியை என் தலையில் வைத்தார்.

தொப்பி கிடைத்துவிட்டது! தாப்பாவரை அந்தப் பெருமையில்தான் ஓட்டினேன். பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது. குழந்தையம்மாள் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு அழுதாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அழுகை வந்தது. இதை நடக்கவிடாமல் செய்யப் பார்த்தோமே என்று வெட்கமாகவும் இருந்தது. தொப்பியைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது மெதுவாகக் கேட்டேன்.

“வாரை எங்கதான் ஒளிச்சு வச்சே?”

“நீங்க உக்காந்திருக்கிற சீட்டுக்கு அடியில.”

நாலு நாளாக அதன் மேல் உட்கார்ந்துகொண்டுதான் அதைத் தேடியிருக்கிறேன்! ஆனாலும் உற்சாகம் பொங்கியது. “அப்படின்னா நாளைக்கே இடப்பக்கத்தை முடிச்சுடலாம் பிள்ளை!”

“முடிக்கலாமே. வார் இருக்கு, மெஷின் இருக்கு. மிதிக்கிறது யாரு?”

நான் அவள் காலைப் பார்த்தேன்.

“அடுத்த மாசமும் சாமியார் தாப்பாவுக்கு வாராரு லா” என்றாள், ரோட்டைப் பார்த்தபடி. “என் ஞானப்பிள்ளையை நான் பாக்க வேணாமா? அது வளந்து கோயில்ல முதல் நற்கருணை, புதுநன்மை வாங்குற வரைக்கும் மாசம் ஒரு தடவ போயிட்டு வந்துடுவோம். அப்புறம் அந்தப் பக்கத்தை மிதிச்சுத் தாரேன்.”

பிள்ளைக்கு இப்போது ஆறு மாதம் ஆகிறது. புதுநன்மைக்கு இன்னும் ஏழு வருஷம் இருக்கிறது, அதுவரைக்கும் பங்களாவிலிருந்து நான் ரிவர்ஸில்தான் வர வேண்டும்.