கம்புக்குப் போன தண்ணீர்

மொட்டை மாடியில் சுயம்புலிங்கம் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார். தண்ணீர் ஊற்றிய கம்பு வாடி வதங்கிக் கிடந்தது. தண்ணீரே காட்டாத கம்பு பச்சைப் பசேலென்று நின்றது.

"ஜெயபாரதி! இங்க வா!"

மனைவி கரண்டியும் கையுமாக மாடியேறி வந்தாள்.

"எந்த வரிசைக்கு ஊத்துத?"

"என்னத்துக்கு இப்படிக் கத்துதீங்க? இடது வரிசைக்கு ஒரு சொட்டு ஊத்தல. திருச்செந்தூர் முருகன் மேல சத்தியம்."

"உன் இடதா, என் இடதா?"

"எனக்குத் தனியா ஒரு இடது இருக்கா?" என்று கேட்டுவிட்டு அவள் இறங்கிப் போய்விட்டாள்.

சுயம்புலிங்கம் அடையாற்றில் ஒரு பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளர். வானம் பார்த்த புஞ்சைக் காட்டிலும் விளையக்கூடிய ஒரு கம்பை, மேலதிகாரி டாக்டர் வேதாந்தத்தோடு சேர்ந்து வருடக்கணக்காகத் தேடிப் பிடித்திருந்தார். அதற்குப் பெயர்கூட இன்னும் வைக்கவில்லை. ஏழாம் நம்பர் என்பார்கள். நிலையத்து வேலிக்குள் மாடு புகுந்து சோதனைப் பயிரை மேய்ந்துவிடவே, மயிலாப்பூரில் குடியிருந்த வாடகை வீட்டு மொட்டை மாடிக்கே பெரிய பெரிய தொட்டிகளை ஏற்றிவிட்டார்.

வேர் பிடித்த பிறகு, இடது வரிசையில் இருக்கும் ஏழாம் நம்பருக்குத் தண்ணீரே கிடையாது. வலது வரிசையில் சாதாரணக் கம்பு. அதற்குத் தினமும் ஒரு குடம். பட்டினி கிடக்கும் பயிர், குடிக்கும் பயிருக்குப் பாதியாவது தேறினால் போதும் என்பதுதான் எதிர்பார்ப்பு. அது ஜெயித்தே விடும் என்று எந்த ஆராய்ச்சிக்காரரும் நம்ப மாட்டார். சுயம்புலிங்கமும் நம்பவில்லை.

ஊரில் அண்ணன் பொன்ராஜ் இந்த விதைக்காகத்தான் காத்திருந்தார். "ஐப்பசி மழைக்குள்ள விதை வரலேன்னா காட்டை வித்துட்டு, தி.நகர் பாத்திரக்கடையில நிக்க வாரேன்" என்று சொல்லியனுப்பியிருந்தார். அண்ணன் சட்டி தட்டி விற்பதைத் தம்பியால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அது எழுபத்தைந்தாம் வருடக் கோடை. சென்னையில் குழாய்கள் பெயருக்குத்தான் இருந்தன. தெருக்கோடி அடிபம்பில் விடியுமுன்பே குடங்கள் வரிசை கட்டும். வீட்டுக்கு ஒரு குடம் தூக்கச் சொன்னால் சுயம்புலிங்கத்துக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். கம்புக்கு என்றதும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாய் நின்றார். ஆனால் சொம்பு சொம்பாய் நிதானமாக ஊற்ற அவருக்கு நேரமில்லை. பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் நிலையத்தின் திருவான்மியூர் மணல் தோட்டத்தில் வேலை. ஆகவே ஊற்றும் பொறுப்பு ஜெயபாரதிக்கு. அவர் திரும்பி வந்து தொட்டுப் பார்த்தால் எல்லா மண்ணும் ஒரே காய்ச்சலாய்க் காயும். காலையில் விட்ட தண்ணீர் அந்த வெயிலில் சாயங்காலம் வரை எங்கே நிற்கும்?

இவளுக்கு இடம் வலம் குழம்பிவிட்டது என்று முடிவு கட்டி, இரண்டு வரிசையையும் இடம் மாற்றி வைத்தார். இடுப்பு நிஜமாகவே பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சாதாரணக் கம்பு இன்னும் சுருண்டது.

அடுத்து, தண்ணீர் ஊற்ற வேண்டிய தொட்டிகளுக்கெல்லாம் சிவப்புப் பெயின்ட் அடித்தார். சிவப்புத் தொட்டிகள் மஞ்சளாய்ப் பழுத்தன.

கடைசியில் பக்கத்துப் போர்ஷன் அமீனா பீயிடம் போனார். அவர் கணவர் ஷரீஃப் ராயப்பேட்டையில் தையல்கடை வைத்திருந்தார். அமீனா பீக்குத் தெரியாமல் அந்த வீட்டில் ஒரு காக்கா உட்கார முடியாது.

"பாயம்மா, நீங்கதான் கூட இருந்து பாத்துக்கணும். தண்ணி தப்பான தொட்டிக்குப் போயிருது."

"கவலய வுடு தம்பி. ஒரு சொட்டு தப்பான தொட்டிக்குப் போவாது. நான் கேரண்டி. ஆனா இந்த வெயிலுக்கு ஒரு கொடம் இன்னாத்துக்கு ஆவும்? ரெண்டா கொண்டா."

நியாயம்தானே? மறுநாளிலிருந்து இரண்டு குடம். பம்படியில் ஒரு மாமியோடு சண்டை, கால் கட்டைவிரலில் குடம் விழுந்து வீக்கம். இருந்தாலும் வீட்டில் ரசம் தண்ணீராய் ஓடியது, அமீனா பீ வீட்டுக் கொடியில் ஜன்னல் திரைகள்கூடத் துவைத்துக் காய்ந்தன. சுயம்புலிங்கம் அதையெல்லாம் கவனிக்கும் நிலையில் இல்லை. இரண்டு குடம் குடித்த சிவப்புத் தொட்டிக் கம்பு அடியோடு செத்தே போயிருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர் வேதாந்தம் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். ஏழாம் நம்பரைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"என்னய்யா இது! கதிரே விட்டுடுத்தே!"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் சுயம்புலிங்கத்துக்குப் பொய் வராது.

"சார், அத நம்பாதீங்க. தண்ணி மாறிப் போச்சு. செத்துக் கெடக்கிறதுக்கு ஊத்த வேண்டியதை இதுக்கு ஊத்திட்டாங்க."

வேதாந்தத்தின் முகம் தொங்கிப் போயிற்று. "போச்சு போ. இன்னொரு தரம் விதைக்க மேல விடமாட்டா. ஏழாம் நம்பரை மூட்டை கட்டியாச்சுன்னு எழுதிட வேண்டியதுதான்."

கல்லாவுக்குப் பின்னால் அண்ணன் அண்டா அடுக்கும் காட்சி கண்முன் வந்தது. சுயம்புலிங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விம்மிவிட்டார்.

அப்போது ஜெயபாரதியும் அமீனா பீயும் பெரிய லோட்டாக்களில் எலுமிச்சை சர்பத் கொண்டு வந்தார்கள். கணவர் அழுவதைப் பார்த்ததும் ஜெயபாரதிக்கு முகம் வெளிறியது. அமீனா பீயின் முழங்கையை இடித்தாள்.

வேதாந்தம் ஒரு மடக்கு குடித்துவிட்டு, "தெருவெல்லாம் தண்ணிக்கு அடிச்சுக்கறா. இங்க மட்டும் லோட்டா லோட்டாவா எப்படிம்மா?" என்றார்.

அமீனா பீ முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எல்லாம் தம்பி தூக்கியாந்த தண்ணிதான் சார். ஒரு கொடம் இவுங்க ஊட்டுக்கு, ஒரு கொடம் எங்க ஊட்டுக்கு. இந்தப் பஞ்சத்துல யாராச்சும் மண்ணுல கொட்டுவாங்களா? மூணு வாரமா எந்தத் தொட்டிக்கும் ஒரு சொட்டு ஊத்தல. இந்த ஒரு வரிசை மட்டும் எப்டி சாவாம கீதுன்னுதான் எங்களுக்கே பிரியல!"