போர் வேண்டாமென்று அப்பவே சொன்னவர்

மழை விட்ட பிறகு குடையைப் பற்றிப் பேச வருகிற ஒரு மனித இனம் நம் நடுவே உண்டு. கல்யாணம் முறிந்த மறுநாள் ஜாதகத்தில் குறை கண்டுபிடிக்கும். தேர்தல் முடிவு வந்த அன்று சாயங்காலம், தோற்றவர் தோற்பார் என்று தனக்கு முன்பே தெரியும் என்று பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்து நிறுத்திச் சொல்லும். இந்த இனத்துக்கு ‘அப்பவே சொன்னவர்’ என்று பெயர். அடையாளம் காண்பது எப்படி என்கிறீர்களா? ஏதாவது ஒரு காரியம் கெட்டுப்போன இடத்தில் போய் நில்லுங்கள். வருவார்.

கடலூர் திருப்பாப்புலியூரில், லாரன்ஸ் ரோட்டில் டிவியும் மிக்சியும் ஃபேனும் விற்கிற தேவநாதன் இந்த இனத்தில் நல்ல ஜாதி. காடாம்புலியூர் வரை போய், பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, தானே பொறுக்கி எடுத்து, தானே சுமந்துகொண்டு வருவார். வீட்டில் அறுத்த பிறகு சுளை வெளுத்துக் கிடந்தால், “இது தேறாதுன்னு நான் அப்பவே சொன்னேன்” என்பார்.

“யாருகிட்ட சொன்னீங்க?” என்று மனைவி சந்திரலேகா ஆரம்ப நாட்களில் கேட்டதுண்டு.

“மனசுல சொன்னேன்.”

அந்த மனசைத் தேடிப் போய் விசாரிப்பதைச் சந்திரலேகா பிறகு விட்டுவிட்டார். பலாப்பழத்தோடு போயிருந்தால் நாமும் விட்டுவிடலாம். ஆனால் போர் வந்தது.

எந்தப் போர் என்று கேட்காதீர்கள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய நாடு, ஒரு சின்ன நாட்டின்மேல் குண்டு போட்டது. சின்ன நாட்டுக்காரர்கள் ஏதோ பயங்கரமான ஆயுதத்தைப் பதுக்கி வைத்திருக்கிறார்களாம், அதுதான் காரணம். நம் நாட்டுக்கு அதில் வேலை எதுவும் இல்லை. தேவநாதனுக்கு இருந்தது. முதல் நாள் காலையிலேயே கடையிலிருந்த டிவிகளை எல்லாம் தெருப் பக்கம் திருப்பி, எல்லாவற்றிலும் ஒரே சேனலைப் போட்டு, நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுகொண்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறவர்கள், மார்க்கெட்டிலிருந்து வருகிறவர்கள், கோர்ட்டுக்குப் போக வேண்டியவர்கள் எல்லாரும் நின்றார்கள். எட்டு டிவியில் ஒரே குண்டு எட்டுத் தடவை வெடிப்பதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசையிராது?

“ரெண்டே நாளு, பாத்துக்குங்க” என்றார் தேவநாதன். “அடிக்கிற அடியில அடங்கிடுவானுங்க. இத எப்பவோ பண்ணியிருக்கணும்.”

கூட்டம் தலையாட்டியது. ஒரு கட்டடம் சரிந்தபோது தேவநாதன் கைதட்டினார். கூட்டமும் தட்டியது.

பக்கத்துக் கடை மீரானுடையது. செருப்புக் கடை. பரங்கிப்பேட்டைக்காரர். இரண்டு பேரும் ஒரே வருடத்தில் கடை போட்டவர்கள். ஒருவர் கல்லாவை இன்னொருவர் பார்த்துக்கொள்கிற அளவுக்குப் பழக்கம். மீரானின் மகள் சாய்ராவைக் கட்டிக்கொண்ட இம்தியாஸ், அந்தச் சின்ன நாட்டின் துறைமுகத்தில் சரக்குக் கிடங்கில் வேலை பார்த்தான். அன்று மீரான் தன் கடை வாசலில் செல்போனைக் காதில் வைத்தபடியே நின்றிருந்தார். தேவநாதன் ஸ்டூலில் இருந்தபடி அவரைப் பார்த்துச் சொன்னார்.

“கவலப்படாத பாய். இப்பல்லாம் குண்டு குறி பாத்துதான் விழும்.”

குறி பார்த்துத் துறைமுகத்தில் விழுந்தது.

அதன் பிறகு இம்தியாஸிடமிருந்து தகவல் இல்லை. மீரானின் மனைவி ஜொஹரா பீவி தொழுகை விரிப்பை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சாய்ரா, கணவன் கடைசியாக அனுப்பிய குரல் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதில் அவன் கேஸ் புக் பண்ணியாச்சா என்றுதான் கேட்டிருந்தான். தேவநாதன் டிவிகளை அணைத்தார். கடையைப் பாதி சாத்திவிட்டு மீரானைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனார், மனு எழுதினார், தெரிந்த வக்கீல், தெரியாத எம்.எல்.ஏ. வீடு என்று அலைந்தார். இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. இந்த இனத்தில் கெட்டவர்கள் ரொம்பக் குறைவு.

இம்தியாஸ் உயிரோடு வந்து சேர்ந்தான். வெடிச் சத்தத்தில் இடது காது போயிருந்தது. வேலையும் போயிருந்தது. இப்போது மாமனார் கடையில் உட்கார்ந்து செருப்புக்குப் பில் போட்டுக்கொண்டிருக்கிறான். யாராவது பேசினால் வலது காதை அவர்கள் பக்கம் திருப்பிக்கொள்கிறான்.

போர் முடிந்து தோண்டிப் பார்த்தார்கள். ஆயுதம் இருந்ததாகச் சொன்ன இடத்தில் கோதுமை மூட்டைதான் இருந்தது. உலகமே காறித் துப்பியது. பெரிய நாட்டில் விசாரணைக் குழு வைத்தார்கள். போருக்கு முடிவெடுத்தது யார் என்று அது மந்திரிகளைக் கூப்பிட்டுக் கேட்டது. ஒவ்வொரு மந்திரியும், தனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது என்றார். பிரதமர், மக்கள் கேட்டார்கள், நான் கொடுத்தேன் என்றார். மக்களைக் கேட்டால், நாங்கள் கேட்கவே இல்லை என்றார்கள். எல்லாரும் சொல்வதை நம்பினால், அந்தப் போர் தானாகவே எழுந்து, தானாகவே விமானம் ஓட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் தேவநாதனுக்கு ரத்தம் கொதித்தது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கொதித்தது. ஃபேன் வாங்க வந்தவர் ஃபேனை மறந்துவிட்டுப் போனார். விஷயம் சிதம்பரம் வரை பரவி, அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சிந்தனை அரங்கு நடத்துகிற தமிழ்மணி என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் போன் செய்தார். ‘போர் முடிவு: யார் பொறுப்பு?’ என்பது தலைப்பு. தேவநாதன் பேச வேண்டும். போன மாதம் அரங்குக்கு இரண்டு ஃபேன் இலவசமாகக் கொடுத்தவர் என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று தமிழ்மணி சொன்னார்.

தேவநாதன் தனியாகப் போகவில்லை. “நீங்களும் வரணும் பாய். அடிபட்டவங்க முன்னாடி உக்காந்தாதான் பேச்சுக்கு ஒரு வெயிட்டு” என்று மீரானையும் இம்தியாஸையும் கூட்டிக்கொண்டு போனார்.

தெற்கு வீதியில் ஒரு மாடி. நல்ல கூட்டம். கடலூரிலிருந்தும் தெரிந்த முகங்கள் கொஞ்சம் வந்திருந்தன. தேவநாதன் மைக்கைப் பிடித்தார்.

“நம்ம தெருவுல ரோடு போட டெண்டர் வுட்டாக்கூட, கையெழுத்துப் போட்ட ஆபீசர் யாருன்னு போர்டுல எழுதி வைக்கிறான். ஒரு ஊர அழிக்கிறதுக்கு யாரு கையெழுத்துன்னு தெரியல. எனக்குக் கைதூக்கின மந்திரி ஒவ்வொருத்தன் பேரும் வேணும். எதப் பாத்துத் தூக்குனான்னு வேணும். அப்பவே சந்தேகம் இருந்துச்சாம். இருந்துச்சுன்னா ஏன்யா அப்ப வாயத் தொறக்கல? சந்தேகத்த மனசுல வச்சிக்கிட்டுக் கைய மேல தூக்குனியே, அந்தக் கை யாரு கை?”

அரங்கு அதிர்ந்தது. சொன்னது அத்தனையும் சரி. அதுதான் இந்த இனத்தோடு தொல்லை. தப்பாகப் பேசினால் சட்டையைப் பிடித்து உட்கார வைத்துவிடலாம்.

கேள்வி நேரத்தில் காயத்ரி என்ற கல்லூரி மாணவி எழுந்தாள். “சார், போர் ஆரம்பிச்சப்போ நீங்க என்ன சொன்னீங்க?”

“நானா? வேணாம்னு அப்பவே சொன்னேம்மா” என்றார் தேவநாதன், கொஞ்சமும் தடுமாறாமல். “இதோ மீரான் பாய், என் பக்கத்துக் கடை. நான் சொல்றத விட அவரையே கேளுங்க.”

பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். பொய் சொல்கிறவனுக்கு உண்மை எது என்று ஞாபகம் இருக்க வேண்டும். தேவநாதனுக்குத் தான் வேண்டாமென்று சொன்னதுதான் ஞாபகம் இருந்தது.

அரங்கம் மொத்தமும் மீரான் பக்கம் திரும்பியது. மீரான் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார். மேடையைப் பார்த்தார். பிறகு கடலூர் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“சொன்னாரு” என்றார். “நெறைய சொன்னாரு. தெருவே கேட்டுச்சு.”

உட்கார்ந்துவிட்டார். பலத்த கைதட்டல்.

தேவநாதன் மட்டும் தட்டவில்லை. ‘தெருவே கேட்டுச்சு’ என்பது எங்கோ போய் இடித்தது. எந்தத் தெரு, எப்போது கேட்டது என்று யோசித்தார். ஸ்டூல் வந்தது. டிவிகள் வந்தன. சரிகிற கட்டடம் வந்தது. இரண்டு கைகள் தட்டிக்கொண்டிருந்தன; அந்தக் கையில் தன் மோதிரம் இருந்தது. மதியம் தமிழ்மணி வீட்டில் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் போட்டார்கள். இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறவர் பாதியிலேயே இலையை மூடினார்.

திரும்பும் பஸ்ஸில் மீரான் முன் சீட்டில் இருந்தார். பின்னால் ஜன்னலோரம் தேவநாதன், பக்கத்தில் இம்தியாஸ். பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் தேவநாதன் குனிந்து, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்.

“தப்பு பண்ணிட்டேன் தம்பி. உங்க தலைல குண்டு விழுந்தப்ப நான் கைதட்டுனேன்.”

வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து ‘அப்பவே’ இல்லாமல் வந்த முதல் வாக்கியம் அதுவாக இருக்கலாம். இம்தியாஸ் முழுதாகத் திரும்பி, வலது காதை அவர் பக்கம் கொண்டுவந்தான்.

“இன்னா மாமா? அந்தக் காது கேக்காது. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

தேவநாதன் நிமிர்ந்தார். கூட்டத்துக்கு வந்திருந்த கடலூர்க்காரர்கள் பக்கத்து சீட்டுகளில் இருந்தார்கள். இன்றைய பேச்சாளர் மறுபடி பேசப் போகிறார் என்று ஆவலோடு திரும்பினார்கள்.

“ஒண்ணுமில்ல தம்பி” என்றார் சத்தமாக. “போர் கூடாதுன்னு நான் அப்பவே சொன்னேன்னு சொன்னேன்.”

இம்தியாஸ் தலையாட்டினான். முன் சீட்டில் மீரானின் முதுகு அசையவில்லை. கடலூரில் இறங்கும்போதுதான் அவர் தேவநாதனின் தோளில் கைபோட்டுத் தனியே இழுத்தார்.

“மச்சான், சத்தமா சொன்னதுதான் ஹால்லயே கேட்டாச்சே. மொதல்ல மெதுவா சொன்னியே, அத ஒரு நாளு அவன் நல்ல காதுப் பக்கம் வந்து சொல்லு.”

சொல்வது அவ்வளவு சுலபமா? ஒரு நாள் போனார். செருப்பு வாங்க ஆள் இருந்தது. இன்னொரு நாள் போனார். ஆள் இல்லை, அதனால் பயமாக இருந்தது. ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் செருப்பு ஜாஸ்தியாயிற்று. கடைசியில் ஒரு காலை, இரண்டு கடை ஷட்டரும் தூக்கிக்கொண்டிருந்த நேரத்தில், நேராகப் போய் இம்தியாஸின் வலது பக்கம் உட்கார்ந்து சொல்லிவிட்டார். ஸ்டூல், டிவி, கைதட்டல், எல்லாவற்றையும்.

இம்தியாஸ் பில் புத்தகத்தை மூடி வைத்தான். “தெரியும் மாமா. நீங்க பேசுனத யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டாங்க. அங்க ரூம்ல நாங்க எல்லாரும் பாத்தோம். நெட்டு கட்டாவறதுக்கு முன்னாடி கடைசியா வந்தது அதுதான்.”

தேவநாதனால் உட்காரவும் முடியவில்லை, எழவும் முடியவில்லை.

“அப்புறம் ஏன் தம்பி என்கிட்ட ஒரு வார்த்தகூடக் கேக்கல?”

“எதுக்கு மாமா கேக்கறது? எங்க ரூம்ல பாதிப் பேருக்கு அவுங்கவுங்க ஊர்லேருந்து அதே மாதிரி ஒரு வீடியோ வந்துச்சு. யாரன்னு கேக்கறது?” என்றவன், கொஞ்சம் பொறுத்து, “நீங்கதான் வந்து சொன்னீங்க. மத்தவங்க யாரும் சொல்லல. டீ சொல்லட்டுமா?” என்றான்.

டீ வந்தது. குடித்தார்கள்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது சந்திரலேகாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சந்திரலேகா குழம்பு ஊற்றப் போன கையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். கணவரைப் புதிதாகப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. தேவநாதனுக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது. பிடித்திருந்ததால், ஒரு வாக்கியம் கூடுதலாகச் சொல்லிவிட்டார்.

“போயி மன்னிப்பு கேட்டுடணும்னு நான் அப்பவே நெனச்சேன்.”

சந்திரலேகா குழம்பை ஊற்றினார்.

தேவநாதனை இத்தோடு விட்டுவிடலாம். அவர் ஒரு காதிலாவது சொல்லிவிட்டார். முடிவெடுத்த அரசாங்கங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டியதும் கேட்கத்தான் வேண்டும்; அதில் ஒரு பெயரும் குறையக் கூடாது. இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த அப்பவே சொன்னவர்கள் நாலு பேராவது கண்முன் வந்திருப்பார்கள். தாராளமாக அவர்களுக்கு இதை அனுப்பி வையுங்கள். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். உங்களை நினைத்துத்தான்.